ஜடேஜாவை அனுப்பி வைத்தது அவருடைய 18 கோடிதான்

2025 நவம்பர் 15ஆம் தேதி ஐபிஎல் நிர்வாகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சென்னையின் ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போகிறார்கள், ராஜஸ்தானின் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார். சாம்சனின் 18 கோடி சம்பளம் மாறவில்லை. கரனின் 2.4 கோடியும் அப்படியே. ஜடேஜாவின் 18 கோடி மட்டும் 14 கோடியாகக் குறைந்திருந்தது. சில நாட்களாகவே செய்தி கசிந்துகொண்டிருந்ததால் பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் கோபம் நிறைய இருந்தது. பன்னிரண்டு சீசன் ஆடிக் கொடுத்தவரை இப்படியா அனுப்புவது என்று அன்று வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் கொதித்தன.

நானும் மஞ்சள் கட்சிதான். ஜடேஜா போனது எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் இதைத் துரோகம் என்பவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இந்தப் பரிமாற்றத்தின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், 2024 அக்டோபரில் அவரைக் கௌரவிக்கக் கொடுத்த 18 கோடியே ஓராண்டில் அவரை வெளியே அனுப்பும் காரணமாக மாறியது தெரியும்.

அந்த அக்டோபரிலிருந்தே தொடங்கலாம். பெரிய ஏலத்துக்கு முன் ஒவ்வொரு அணியும் ஆறு பேர் வரை தக்கவைக்கலாம் என்று விதி வந்தது. மொத்தப் பணம் 120 கோடி. தக்கவைக்கும் ஆட்டக்காரர்களுக்கு 18, 14, 11, மறுபடி 18, 14 என்று படி வைத்தார்கள். அன்கேப்டு, அதாவது சர்வதேசப் போட்டி ஆடாதவர், என்றால் 4 கோடி. சர்வதேசப் போட்டி ஆடி ஐந்து வருடம் ஆன இந்தியரையும் அன்கேப்டு என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய விதியையும் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த விதி யாருக்காக வந்தது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். தோனி 4 கோடிக்குத் தங்கினார். ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரானா 13, துபே 12. சென்னையின் செலவு 65 கோடி.

ராஜஸ்தான் இன்னும் தாராளமாகச் செலவழித்தது. சாம்சன் 18, ஜெய்ஸ்வால் 18, பராக் 14, ஜுரெல் 14, ஹெட்மயர் 11, சந்தீப் சர்மா 4. ஆக 79 கோடி. ஜோஸ் பட்லரை விட்டார்கள், அஸ்வினையும் சஹலையும் விட்டார்கள். சுழலுக்கு ஏலத்தில் ஹசரங்காவும் தீக்ஷணாவும் வந்தார்கள். இருவரும் வெளிநாட்டவர். இது பின்னால் ஒரு சிக்கலாக வரும்.

2025 சீசனில் இரண்டு அணிகளுமே மண்ணைக் கவ்வின. ராஜஸ்தான் ஒன்பதாவது, சென்னை பத்தாவது. சென்னை கடைசி இடத்துக்குப் போனது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. தோற்றதைவிட தோற்ற விதம்தான் வலித்தது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயித்ததே இல்லை, அந்த ஆண்டு ஜெயித்தது. ஹைதராபாத் அங்கே ஜெயித்ததே கிடையாது, அதுவும் நடந்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் ஆடி 103. பவர்பிளேயில் யாராவது இரண்டு பவுண்டரி அடித்தால் ஸ்டேடியமே எழுந்து நின்று கொண்டாடும் நிலைமை. முழங்கை எலும்பு முறிந்து ருதுராஜ் பாதியில் வெளியேற, நாற்பத்து மூன்று வயதில் தோனி மறுபடி கேப்டன்.

ஆக சென்னைக்குத் தேவைப்பட்டது என்ன? மேல்வரிசையில் அடித்து ஆடும் ஓர் இந்தியர். தோனிக்குப் பிறகு கீப்பிங் கையுறையை வாங்கிக்கொள்ள ஒருவர். அவசியமானால் கேப்டனும் ஆகக்கூடியவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்றால் நாட்டில் எத்தனை பேர் தேறுவார்கள்? சாம்சன் 2024இல் மட்டும் இந்தியாவுக்காக மூன்று டி20 சதம் அடித்தவர், 2022இல் ராஜஸ்தானை இறுதிப் போட்டிவரை கூட்டிப் போனவர்.

சாம்சனுக்கும் ராஜஸ்தானில் இடம் நெருக்கிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் அவர் காயத்தால் உட்கார்ந்த இடைவெளியில் வைபவ் சூர்யவன்ஷி என்ற பதினான்கு வயதுப் பையன் உள்ளே வந்தான். சந்தித்த முதல் பந்தே சிக்ஸர். ஒன்பது நாள் கழித்து குஜராத்துக்கு எதிராக 35 பந்தில் சதம். மறுபக்கம் ஜெய்ஸ்வால் ஏற்கெனவே நிலைத்துவிட்டவர். காயம் ஆறித் திரும்பிய சாம்சன் மூன்றாவதாக இறங்கினார். ஆகஸ்டுக்குள் அவர் அணியை விட்டு விலக விரும்புகிறார் என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன.

இங்கேதான் டிரேட் என்பது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். ஐபிஎல்லில் இது 2009லிருந்தே இருக்கிறது. ஜாகீர் கான் மும்பைக்கும் ராபின் உத்தப்பா பெங்களூருக்கும் மாறியது அந்த முதல் வருடத்தில்தான். சீசன் முடிந்ததும் ஜன்னல் திறக்கும், அடுத்த ஏலத்துக்குச் சற்று முன் மூடும், ஏலம் முடிந்து மறுபடி கொஞ்ச காலம் திறந்திருக்கும். ஆளுக்கு ஆள் மாற்றலாம், இல்லையென்றால் பணம் கொடுத்து வாங்கலாம். 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு வந்தது முழுக்கப் பணத்தில். அவருடைய 15 கோடிக்கு இடம் பண்ண, மும்பை 17.5 கோடி கேமரூன் கிரீனை பெங்களூருக்குத் தள்ளியது. எந்த வகையானாலும் சம்பந்தப்பட்ட ஆட்டக்காரர் சம்மதிக்க வேண்டும். அதேபோல அவரை வைத்திருக்கும் அணியும் சம்மதிக்க வேண்டும். அதாவது ஆட்டக்காரர் 'போகமாட்டேன்' என்று சொல்லலாம், 'போயே தீருவேன்' என்று சொல்ல முடியாது.

சாம்சன் மாதிரி ஒருவரை விடுவதானால் ராஜஸ்தான் வெறும் பணத்துக்கு விடுமா? பணம் வந்தால் ஏலத்தில் செலவழிக்கத்தான் வேண்டும், சின்ன ஏலத்தில் அதே தரத்தில் இந்தியர் கிடைப்பது குதிரைக் கொம்பு. எனவே ஆள் வேண்டும், அதுவும் பேர் பெற்ற ஆள். சென்னையிடம் அப்படிக் கொடுக்க யார் இருந்தார்கள்? தோனியைப் பற்றிப் பேச்சே இல்லை. ருதுராஜ் கேப்டன். பதிரானா, நூர் அகமது வெளிநாட்டவர்கள், ராஜஸ்தானில் எட்டு வெளிநாட்டு இடமும் நிரம்பியிருந்தது. துபே அதிரடிக்காரர்தான், ஆனால் சாம்சனுக்கு ஈடு என்று ராஜஸ்தான் ரசிகர்களிடம் அவரைக் காட்ட முடியாது. மிச்சம் ஒரே பெயர். 18 கோடி எடை, இந்தியர், நடுவரிசையில் இடக்கை பேட், இடக்கைச் சுழல், உலகத்தரமான ஃபீல்டிங். அஸ்வினையும் சஹலையும் விட்டுவிட்டு பேர் பெற்ற இந்தியச் சுழல் இல்லாமல் தவித்த அணிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் யார்? அதோடு அந்த சீசனில் ராஜஸ்தான் கடைசி ஓவரில் 9 ரன் எடுக்க முடியாமல் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களைக் கோட்டை விட்டிருந்தது. டெல்லியிடம் சூப்பர் ஓவர் போய்த் தோற்றது, லக்னோவிடம் 2 ரன்னில் தோற்றது. கடைசி ஓவரில் நிதானமாக நிற்கும் ஆளுக்கு அவர்கள் ஏங்கியதில் ஆச்சரியம் இல்லை.

ஒருவேளை ஜடேஜா 2024இல் 11 கோடிக்குத் தங்கியிருந்தால், தராசின் மறுதட்டில் அவரை வைக்க யாருக்கும் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். விலை உயர்ந்தவராக இருந்ததால்தான் அவர் செலாவணி ஆனார்.

சரி, அந்த 4 கோடி குறைப்பு? சமூக ஊடகத்தில் இதை அவமானம் என்று பேசினார்கள். கணக்கைப் பாருங்கள். ராஜஸ்தான் கையில் அப்போது மிச்சம் இருந்தது வெறும் 30 லட்சம். சாம்சன் போனால் 18 கோடி திரும்ப வரும். ஜடேஜா பழைய விலையிலேயே வந்தால் கரனோடு சேர்த்து 20.4 கோடி ஆகும், கட்டாது. 14 ஆக்கினால் 16.4. வரவுக்குள் அடங்கி 1.6 கோடி மிஞ்சவும் செய்யும். கரனுக்கு வெளிநாட்டு இடம் ஒன்று காலியாக வேண்டியிருந்ததால்தான் பேச்சு சில நாள் இழுத்தது. கடைசியில் ஹசரங்காவையும் தீக்ஷணாவையும் ராஜஸ்தான் விடுவித்தது. முதல் பத்தியில் நான் சொன்ன அறிக்கை ஒரே நாளில் எட்டு மாற்றங்களை அறிவித்தது. ஷமி லக்னோவுக்கு, மயங்க் மார்கண்டே மும்பைக்கு, அர்ஜுன் டெண்டுல்கர் லக்னோவுக்கு. யாரும் அவற்றைப் பேசவில்லை.

என்னைக் கேட்டால், கிரிக்கெட் கணக்கில் சென்னை செய்தது சரி. கரனைச் சேர்த்துக் கொடுத்ததுதான் கொஞ்சம் தாராளம். 37ஐ நெருங்கும் ஆல்ரவுண்டரைக் கொடுத்து 31 வயது கீப்பர் பேட்டரை வாங்குவது எந்த அணியும் செய்யக்கூடிய வியாபாரம். ஜடேஜா 2025இல் மோசமாக ஆடவில்லை. முந்நூறு ரன்னைத் தாண்டினார், 10 விக்கெட் எடுத்தார். ஆனால் 18 கோடிக்கான எண்கள் அவை இல்லை. தவறு நடந்திருந்தால் அது 2024 அக்டோபரில் நடந்தது. டி20 உலகக் கோப்பையோடு இந்திய டி20 அணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஒருவரை, அதுவும் மூன்று வருடச் சுழற்சிக்கு, மேல்படி விலையில் வைத்தது மனசு சொன்ன முடிவு. அப்போது நாம் எல்லோரும் கைதட்டினோம்.

அப்புறம் இந்த விசுவாசப் பேச்சு. ஜடேஜாவுக்கும் விசுவாசத்துக்கும் உள்ள கதை சுவாரசியமானது. 2008இல் ஷேன் வார்ன் 'ராக்ஸ்டார்' என்று பெயர் வைத்த பத்தொன்பது வயதுப் பையன், அந்த ஆண்டு ராஜஸ்தானோடு கோப்பை வென்றான். இரண்டு சீசன் கழித்து, ஒப்பந்த விதியை மீறி வேறோர் அணியோடு நேரடியாகப் பேரம் பேசினார் என்று 2010 சீசன் முழுக்க அவருக்குத் தடை. தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கப் பார்த்ததற்கு ஒரு வருடத் தண்டனை. அப்புறம் கொச்சி அணி, அதுவும் ஒரே சீசனில் கலைந்தது. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் கையிருப்பு முழுவதையும், அதாவது 20 லட்சம் டாலரை, ஏலம் கேட்டுச் சமனில் நின்றன. ரகசிய உறையில் கூடுதல் தொகை எழுதிக் கொடுத்த சென்னை வென்றது. இப்படி ஒவ்வொரு முறையும் அவரை யாரோ எங்கோ வைத்திருக்கிறார்கள். 2016, 2017இல் சென்னை தடையில் இருந்தபோது ஆடிய குஜராத் லயன்ஸ் வரைக்கும்.

சென்னை அவரை மதிக்கவில்லை என்பதும் பொருந்தாது. 2022க்கான தக்கவைப்பில் முதல் ஆள் அவர்தான், 16 கோடி. தோனி 12. கேப்டன் பதவியும் கொடுத்தார்கள். எட்டு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, தானே திருப்பிக் கொடுத்தார். அந்த சீசனின் பின்பாதி யாருக்கும் இனிக்கவில்லை. 2023இல் திரும்பி வந்து என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். அகமதாபாத்தில், மழையால் மறுநாளுக்கும் நள்ளிரவு தாண்டியும் போன இறுதிப் போட்டி. சென்னைப் பையன் சாய் சுதர்சன் சென்னைக்கு எதிராகவே 96 அடித்துத் தொலைத்திருந்தான். 15 ஓவரில் 171 வேண்டும். மோகித் சர்மா ஒரே ஓவரில் ராயுடுவையும், வந்த முதல் பந்திலேயே தோனியையும் எடுத்துவிட்டார். கடைசி இரண்டு பந்தில் பத்து. நேராக ஒரு சிக்ஸர், அடுத்து ஃபைன்லெக் பக்கம் ஒரு தட்டல், நான்கு. தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். அந்தப் படம் இன்றும் பாதி சென்னையின் போனில் இருக்கும்.

ஆனால் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நம்மையும் சேர்த்துத்தான். அதே 2023இல் சேப்பாக்கத்தில் ஜடேஜா ஆடும்போது எழுந்த கோஷம் என்ன? அவர் அவுட் ஆக வேண்டும், தோனி வர வேண்டும். சொந்த மைதானத்தில், சொந்த அணிக்காரர் விக்கெட் விழுந்ததற்கு விசில். அதை அவர் சிரித்துக்கொண்டே மேடையில் சொன்னார், நான் மேலே இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்றுதான் காத்திருப்பார்கள் என்று. அடுத்த வருடம் ஏப்ரலில் கொல்கத்தாவோடு ஆட்டம். வெற்றிக்கு மூன்றே ரன் பாக்கி, துபே அவுட். ஜடேஜா பேட்டும் ஹெல்மெட்டுமாக மைதானத்தை நோக்கி நாலு எட்டு நடந்தார். கூட்டம் உச்சுக் கொட்டியது. உடனே சிரித்தபடி திரும்பி உள்ளே போக, பின்னாலிருந்து தோனி வந்தார். காது கிழிந்தது. அந்த விளையாட்டு தோனியே சொல்லிக் கொடுத்தது என்று பிறகு துஷார் தேஷ்பாண்டே சொன்னார். அன்று 18 ரன்னுக்கு மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானவர் ஜடேஜா. பட்டம் இன்னும் உறுதியாகவில்லை என்று அவர் கிண்டலாகச் சொல்ல, 'கிரிக்கெட் தளபதி' என்று அணி நிர்வாகமே அறிவித்தது. தல இருக்கிறார், சின்ன தல இருந்தார், பன்னிரண்டாவது வருடத்தை நெருங்கும்போது இவருக்குத் தளபதி.

சின்ன தல என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 ஏலத்தில் ரெய்னாவின் பெயர் கூப்பிட்டபோது சென்னை மேஜையில் யாரும் கையைத் தூக்கவில்லை. அவரை வேறு யாரும் எடுக்கவும் இல்லை. ரெய்னாவுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால், ஜடேஜாவோடு பேசி, சம்மதம் வாங்கி, 14 கோடிக்கு அவரை ஆசையாகக் கேட்ட அணிக்கு அனுப்பியது எவ்வளவோ மேல். எடுத்ததிலேயே மிகக் கடினமான முடிவுகளில் ஒன்று என்று அணியின் தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதன் சொன்னார். ஜடேஜாவும் ராஜஸ்தானைத் தன் வீடு என்றே சொல்லிப் போனார். கசப்பை அவர் காட்டவில்லை.

சம்மதம் என்ற விதியே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கக் கூடைப்பந்தைப் பார்க்கலாம். 2025 பிப்ரவரி தொடக்கத்தில், அங்கே நள்ளிரவு வாக்கில், டல்லாஸ் அணி லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்று செய்தி. வயது 25, முந்தைய ஆண்டு அணியை இறுதிவரை கொண்டுபோனவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை. செய்தியை வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். அதற்கப்புறம் டல்லாஸ் அரங்கில், மேலாளர் நிகோ ஹாரிசனை வேலையை விட்டுத் தூக்கு என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் கோஷம். ஜடேஜா டிரேட் நடந்த அதே நவம்பரில், அதற்கு நாலு நாள் முன்னால், ஹாரிசனைத் தூக்கியே விட்டார்கள். மும்பையில் ஹர்திக்கைக் கூச்சல் போட்டு வாட்டியதும் நினைவிருக்கும். சென்னையில் அப்படி எதுவும் நடக்காது. தோனி இருக்கும்வரை அணி எடுக்கும் எந்த முடிவுக்கும் அவர் தலையசைத்திருப்பார் என்று கூட்டம் தானாகவே நம்பிக்கொள்ளும். நிர்வாகத்துக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

எனக்கு உண்மையில் எரிச்சல் வந்தது டிரேடில் இல்லை, அடுத்த மாதம் அபுதாபியில் நடந்த ஏலத்தில்தான். டிசம்பர் 16ஆம் தேதி சென்னை, பிரஷாந்த் வீர் என்ற உத்தரப் பிரதேசத்து இளைஞரை 14.20 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 30 லட்சம். இடக்கைச் சுழல், இடக்கை பேட், இருபது வயது. கார்த்திக் சர்மா என்ற இன்னொரு அன்கேப்டு பையனுக்கும் அதே 14.20 கோடி. அன்கேப்டு வீரருக்கு ஐபிஎல் ஏலத்தில் அதுவரை யாரும் கொடுக்காத விலை. ஜடேஜாவைக் கொடுத்த இடத்தில் ஜடேஜா மாதிரியே ஒருவரை, ஜடேஜாவின் புது விலையைவிட 20 லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

வயதான பெயர்களையே நம்பிய அணி இளைஞர்கள் பக்கம் திரும்பியதை வரவேற்கிறேன். ஆனால் ஏலத்தில் இரண்டு மூன்று பேர் விடாமல் கை தூக்கினால் விலை எங்கே போகும் என்பது அந்தப் பையன் கையில் இல்லை. அவர் சேப்பாக்கத்தில் ஒரு கேட்ச் விட்டாலோ ஒரு ஓவரில் 20 கொடுத்தாலோ, இங்கே இருந்தவர் யார் தெரியுமா என்று நாம்தான் முதலில் ஆரம்பிப்போம். முதல் இரண்டு சீசனாவது அவரை ஆறாவதிலோ ஏழாவதிலோ இறக்கி, நூர் அகமதுவுக்குத் துணையாக இரண்டு மூன்று ஓவர் கொடுத்து வளர்க்கட்டும். அந்த 14.20 கோடியை எழுதிக் கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்காமல் இருந்தால் போதும்.